பிரேக் மாஸ்டரின் வண்டி இழுக்கவில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கவனித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாம் இருவரும் பேசுவது ஒரு பேச்சா? "நல்லா இருக்கீங்களா மாமா", "இருக்கேன் மாப்பிள்ளை", "அப்புறம்", "அப்புறம் என்ன", "இதோ பாப்பாகிட்ட குடுக்கறேன்." கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைத்தான் பேசி வருகிறோம். போதாக்குறைக்கு உங்கள் மனைவி பாப்பா போனை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துவிட்டுத் துணி மடிக்கிறாள். இது நம் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டிய விஷயம். அதனால்தான் உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். பாப்பாவிடம் காட்ட வேண்டாம்.

விஷயம் உங்கள் கார். நீங்கள் புது ஆலை வேலைக்குக் கிளம்பும்போது சாவியைக் கையில் கொடுத்து, "அத்தையை முழங்கால் பயிற்சிக்கு இதுலயே கூட்டிட்டுப் போங்க மாமா, வாடகை வண்டியெல்லாம் வேணாம்" என்றபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சொல்லத்தான் வரவில்லை. அந்தக் கறுப்பு மினுமினுப்பும், தோல் இருக்கையும், கதவு மூடும்போது சத்தமே வராத அந்தச் சொகுசும் எனக்கு இந்த வயதில் கிடைக்கும் என்று நினைத்தவன் இல்லை. உங்கள் அத்தை ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறாள். திட்டித்தான் போட வைக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட வண்டி இப்போது இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் முனகுகிறது, வண்டி நகர யோசிக்கிறது. சிக்னல் விழுந்து எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கிளம்புகிறது. சில சமயம் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு துள்ளல். பின்னால் வருகிறவர்கள் காரணமே இல்லாமல் ஹாரன் அடிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நிறுத்தினால் சக்கரத்துப் பக்கம் ஏதோ தீய்ந்த வாடை.

எத்தனையோ ஓட்டை வண்டிகளில் ஊருக்கே ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் நான். தெருவில் போனால் இன்றைக்கும் "பிரேக் மாஸ்டர்" என்று கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் என்னிடம் படித்தவர்தான். அந்த என் கையில் உங்கள் வண்டி நோய்வாய்ப்பட்டுவிட்டதே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாமா


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. மேசையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பயந்தே போனேன். கார்தான் என்று தெரிந்ததும் மூச்சு வந்தது.

இதற்கெல்லாம் வெட்கப்படுவார்களா மாமா? இயந்திரம் என்றால் பழுது வரத்தான் செய்யும். நான் இங்கே புது ஆலையில் தினமும் அதோடுதான் மல்லுக்கு நிற்கிறேன். வண்டிக்கு இன்னும் உத்தரவாதம் இருக்கிறது. சர்வீஸ் நிலையத்தில் பேசிவிட்டேன். மேற்பார்வையாளர் ஒருவர் உங்களை அழைப்பார், நீங்கள் கொண்டுபோய் விட்டால் போதும்.

அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு இங்கே ஒரு நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போனில் சொல்லியிருப்பாள். நீங்கள் கேட்டபடி கடிதத்தைக் காட்டவில்லை. அலுவலக இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
மருமகன்


மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சர்வீஸ் நிலையத்துக்குப் போய் வந்த கதையைக் கேளுங்கள்.

கண்ணாடி அறை, பஞ்சு போன்ற சோபா, பொத்தானை அழுத்தினால் காபி. வண்டி சர்வீசுக்கு வந்தோமா, பெண் பார்க்க வந்தோமா என்று எனக்கே சந்தேகம். மேற்பார்வையாளர் ஒல்லியான ஆள், கழுத்தில் டை. நான் அவரை டைக்காரர் என்றே எழுதுகிறேன். வண்டியின் கணினியில் ஏதோ கம்பியைச் சொருகி வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே ஓட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார். வண்டி அவர் கையில் சிட்டாகப் பறக்கிறது மாப்பிள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். பிரேக் பேட்தான் ரொம்பத் தேஞ்சிருக்கு" என்றார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு இவ்வளவு மட்டமான பிரேக் பேட்டா போடுவார்கள் என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "நீங்க ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க சார், நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றார்.

என்னிடம். ஆயுள் முழுக்க அடுத்தவன் ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனிடம். "தம்பி, நீங்க லைசென்ஸ் எடுத்தப்போ உங்க பக்கத்துல உக்காந்திருந்தது என்ன மாதிரி ஒருத்தர்தான். அத மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் முகம் சிறுத்துப்போனது. என்னவோ சொல்ல வந்தவர், தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். திருட்டு முழி என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாளே அது நடந்தது. அத்தையைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் வழியில் மேம்பாலம் ஏறினேன். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், இன்ஜின் கத்துகிறதே தவிர நகரவில்லை. பின்னால் பஸ், லாரி, அத்தனையும் கத்துகின்றன. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டாள். போக்குவரத்துக் காவலர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். "மாஸ்டர், நீங்களா? நீங்களா மாஸ்டர் வண்டிய நிறுத்தினது?" என்றார். என் பழைய மாணவர். ஏற்றத்தில் வண்டி எடுக்க அவரைத் தண்ணீர் குடிக்க வைத்துக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர் மற்ற வண்டிகளை எல்லாம் நிறுத்தி எனக்கு வழி விட்டார். ஊரே வேடிக்கை பார்க்க, கல்யாண ஊர்வலம் மாதிரி பாலத்தைக் கடந்தேன். அந்த நிமிடம் பாலமே இடிந்து விழுந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

டைக்காரர் வேலை தெரியாதவர், அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறவர். என் பேச்சை அவர்கள் மதிக்க மாட்டார்கள். வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு நீங்கள் கடுமையாக ஒரு புகார் எழுத வேண்டும். எனக்காக இதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாமா


மார்ச் 14

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். இன்ஜினுக்குக் காற்று விடும் பாகத்தை முழுசாக மாற்றித் தருவதாக உடனே பதில் வந்தது. மேற்பார்வையாளர் மீதும் விசாரிப்பார்களாம். நீங்கள் மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கேட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே? வண்டி ஓட்டும்போது என்ன செருப்பு போடுகிறீர்கள்? சிலருக்குக் கிளட்ச் இல்லாத வண்டி புதிது என்பதால் கால் வைக்கும் பழக்கத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகுமாம். இங்கே அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உங்களுக்குத் தெரியாததா? சும்மா கேட்டேன், விட்டுவிடுங்கள்.

பாப்பா நலம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
மருமகன்


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே படியுங்கள்.

செருப்பைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. யாரிடம் செருப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று இரண்டு நாள் அத்தையிடம் புலம்பினேன். அதற்குள் பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். டைக்காரர் அங்கே இல்லை. "உங்க புகாருக்கு அப்புறம் அவர உதிரிபாகக் கிடங்குக்கு அனுப்பிட்டாங்க சார். விசாரணை முடிஞ்சதும் வீட்டுக்குத்தான்" என்று அங்கிருந்த பெண் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. மறைக்காமல் சொல்கிறேன், குளிர்ந்தது.

பாகம் மாற்றியும் வண்டி இழுக்கவில்லை.

போன வியாழக்கிழமை பயிற்சி முடிந்து அத்தை மருத்துவமனை வாசலில் கைத்தடியோடு நின்றாள். நான் வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து எடுத்து அவள் பக்கம் கொண்டுவந்தேன். வழக்கம்போல வண்டி முனகியது, வலது காலை இன்னும் அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து இடது காலில் சதை பிடித்து இழுத்தது. காலை உதறினேன். வண்டி பாய்ந்தது மாப்பிள்ளை. அத்தையைத் தாண்டி, அவள் சேலைத் தலைப்பு கண்ணாடியில் உரசிக்கொண்டு போக, வாசல் கம்பித் தடுப்பில் மோதி நின்றது. அவள் ஒரு எட்டு முன்னே வைக்க இருந்தவள், கைத்தடி வழுக்கியதால் வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அத்தை நொண்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தாள். "அந்த இடது கால எடுத்துட்டீங்களா?" என்றாள். "எந்தக் கால?" என்றேன். "பிரேக்குல வெச்சுட்டே ஓட்டுவீங்களே, அந்தக் கால."

எனக்கு அப்போதுதான் தெரியும். சத்தியமாக அப்போதுதான் தெரியும்.

பயிற்சிப் பள்ளி வண்டியில் என் பக்கம் ஒரே ஒரு பிரேக்தான் பொருத்தியிருந்தோம், இடது காலுக்கு வாகாக. படிக்கிறவன் எதையாவது பார்த்துப் பேயறைந்தாற்போல் ஆனால் நான் மிதிக்க வேண்டும். பிரேக் மாஸ்டர் என்ற பெயர் எனக்கு அதனால்தான் வந்தது. கிளட்ச் வைத்த வண்டியை ஓட்டும்போது இடது காலுக்கு வேறு வேலை இருந்தது. உங்கள் வண்டியில் கிளட்ச் இல்லை. வேலையில்லாத இடது கால், என்னைக் கேட்காமல் தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. இரண்டு பெடலும் சேர்ந்து அமுங்கினால் இந்த வண்டி இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். பிரேக் விளக்கு சதா எரிந்தால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்காமல் என்ன செய்வான்? மறுநாள் ஒரு காலி மைதானத்தில் இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்து ஓட்டிப் பார்த்தேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

அத்தையிடம் கேட்டேன், "தெரிஞ்சா ஏன் சொல்லல?" என்று. "சொன்னா, ஒனக்கு என்ன தெரியும், எறங்குன்னு சொல்லியிருப்பீங்க. முட்டி வலியோட நான் எங்க எறங்கறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் டைக்காரரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன். என் பள்ளியின் பெயர் போட்ட தாளிலேயே தலைமை அலுவலகத்துக்கு உண்மையை எழுதப் போகிறேன். பிரேக் மாஸ்டருக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை என்று ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்களும் புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள். மாதக் கடைசிக்குள் விசாரணை முடிந்துவிடுமாம். ஒரு மனிதரின் பிழைப்பு போய்விடும். தடுப்பில் மோதியதில் முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. அதற்கும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பாப்பாவிடம் நானே சொல்கிறேன், அதற்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்.

வெட்கத்துடன்,
உங்கள் மாமா


ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு ஒன்றும் ஆகாமல் போனதே பெரிய விஷயம். வண்டி நசுங்கினால் நசுங்கட்டும், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இனி நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு ஓட்டுநரை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி.

மேற்பார்வையாளர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எதற்காக உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டு எழுத வேண்டும்? பெரிய நிறுவனங்களில் இப்படி இடம் மாற்றுவது சகஜம். ஆறப்போட்டால் அவர்களே வேறு கிளையில் போட்டுவிடுவார்கள். கிளறினால் அவருக்கே கூடச் சிக்கலாகலாம். அவரை நேரில் போய்ப் பார்ப்பதும் அவ்வளவு நன்றாக இருக்காது. விசாரணை நடக்கும்போது புகார்தாரர் தரப்பு போய் நிற்பது முறையில்லை.

பாப்பாவிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அம்மா பிழைத்தது மறு பிழைப்பு என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
மருமகன்


ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன்.

கிடங்கு ஊருக்கு வெளியே இருக்கிறது. தகரக் கூரை. அவர் அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கண்ணாடி விளக்குகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். டை இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. "தம்பி, தப்பு என் கால்ல இருந்துச்சு, ஒங்க மேல பழி போட்டுட்டேன்" என்றேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன்.

"தெரியும் சார்" என்றார்.

முதல் நாளே வண்டியின் பதிவில் வந்துவிட்டதாம், எல்லாப் பயணத்திலும் இரண்டு பெடலும் சேர்ந்து அமுங்கியிருப்பது. "அப்புறம் ஏன் தம்பி சொல்லல?" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியவர்கிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு தயங்கி, அந்தப் பதிவ உங்க மாப்பிள்ளைக்கு அன்னிக்கே என் போன்லேருந்து அனுப்பினேன் சார். அவர் பேசினாரு. 'மாமா தாங்க மாட்டாரு, நான் பக்குவமாச் சொல்லிக்கறேன், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க'ன்னாரு. சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். விசாரணை வந்தப்போ, வேற வழியில்லாம, உரிமையாளருக்கு அப்பவே தெரியப்படுத்தினேன்னு சொன்னேன். உரிமையாளரக் கேட்டாங்க. அப்படி எதுவும் எனக்கு வரலன்னு அவர் எழுதிட்டாரு. பாகம் மாத்தினப்போ பழைய பதிவும் அழிஞ்சு போச்சு, நான் அனுப்பின செய்தி இருந்த என் போனும் நடுவுல தொலஞ்சு போச்சு. இப்ப நான் வேல தெரியாதவன் மட்டும் இல்ல சார், பொய்யன்."

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். என் கடிதம் கிடைத்ததாம், நன்றியாம். ஆனால் இப்போது கேள்வி வண்டியைப் பற்றி இல்லையாம். உரிமையாளருக்குத் தெரியப்படுத்தியதாக அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பதாம். அதை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை, உங்கள் மேல் எனக்கு வந்தது கோபம் இல்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அது எனக்குப் பழகிய சமாச்சாரம். வந்தது வெட்கம். உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டான் என்று என் பெண்டாட்டி நினைக்கிறாள், மருமகன் நினைக்கிறார், முன்பின் தெரியாத ஒருவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நினைக்கிறார். என் முன்னால் எல்லோரும் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறீர்கள். இது எனக்கு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீங்கள் என்னிடம் படித்த காலத்தில் ஒரு நாள் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி உங்களை இறக்கிவிட்டேன். பின் இருக்கையில் அடுத்த முறைக்காகக் காத்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அதில் பாப்பாவும் இருந்தாள். நீங்கள் வெயிலில் நடந்து போனீர்கள். அதை நான் மறந்துவிட்டதாக நீங்கள் நினைத்திருக்கலாம். மறக்கவில்லை, பேச வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். நான் தாங்க மாட்டேன் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்தீர்களா, அல்லது கொஞ்ச நாள் பாலத்தில் நிற்கட்டும் என்று நினைத்தா? எது என்றாலும் எனக்கு எழுதலாம். ஆனால் அதற்கு முன் அவர்களுக்கு எழுதுங்கள். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

உங்கள் மாமா


ஏப்ரல் 29

அன்புள்ள மாமாவுக்கு,

தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் முதல் நாளே எனக்கு எல்லாம் அனுப்பினார் என்றும், வரவில்லை என்று நான் எழுதியது பொய் என்றும், அவர் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது என்றும் எழுதி, அதையும் இணைத்தேன். நேற்றுப் பதில் வந்தது. அவரைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொள்கிறார்களாம். அவருக்கும் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதலில் உண்மையாகவே சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் போய், மாமா, உங்கள் கால் பிரேக்கில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? பக்குவமாகச் சொல்கிறேன் பேர்வழி என்று செருப்பைப் பற்றிக் கேட்டேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. நீங்கள் புகார் எழுதச் சொன்னபோது, எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்களே என்று எழுதினேன். உங்களுக்குப் பதில் சொல்வதைவிட யாரோ ஒருவர் மேல் பழி போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்.

இது பாதிதான். மேம்பாலத்தில் நீங்கள் நின்ற கடிதத்தை நான் அலுவலகத்தில் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை சிரித்தேன். இதை எழுதும்போது என் காது சூடாகிறது. நீங்கள் கேட்ட இரண்டுமே உண்மை மாமா. எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனிமேல் இழுப்பறையில் வைக்க எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாப்பாவிடம் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். உங்கள் கேலியைப் படித்து இரண்டு இடத்தில் சிரித்தாள். ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்தில் கையை வாயில் வைத்துக்கொண்டாள். முடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அம்மா நின்ன எடத்துல நான் நின்னிருந்தாலும் நீங்க பேசாமதான் இருந்திருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் யோசித்தேன் மாமா. நான் யோசிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகன்